சிறு குழந்தையின் ஒரு நாள்: எந்த மாங்காவை முதலில் எடுப்பது?

சண்டையும் பழிவாங்கலும் நிறைந்த நெடுந்தொடர் மாங்காக்களை, அதாவது ஜப்பானியப் படக்கதைகளைப் படித்துச் சலித்த வாசகர், யாரும் யாரையும் அடித்து வீழ்த்தாத ஏதாவது ஒன்று வேண்டும் என்று தேடத் தொடங்கினால், பெரும்பாலும் வந்து சேரும் இடம் குழந்தையின் அன்றாடத்தைச் சொல்லும் மாங்காக்கள்தாம். ஒரு குழந்தை பக்கத்து வீட்டுக்குப் போகிறது, ஐஸ்கிரீம் சாப்பிடுகிறது, மழையில் நனைகிறது, வீட்டுக்கு வந்து தூங்கிவிடுகிறது. அத்தோடு அத்தியாயம் முடிந்துவிடுகிறது. இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கு வாயால் விளக்கிப் புரியவைப்பது கடினம். நல்ல தொடர் ஒன்றின் முதல் தொகுதியைக் கையில் கொடுத்துவிடுவதே சுலபமான வழி. ஆனால் எந்தத் தொடரின் முதல் தொகுதி? ஒரே வகை என்று வெளியிலிருந்து தோன்றும் இந்த மாங்காக்கள் உள்ளே ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகியவை என்பதால், ஒருவருக்குப் பிடித்த தொடர் இன்னொருவரை இந்த வகையையே வெறுக்க வைத்துவிடக்கூடும்.

இங்கே ஐந்து தொடர்களை எடுத்துக்கொள்கிறேன்: கியோஹிகோ அசுமாவின் ‘யோட்சுபாதோ!’, யோஷிதோ உசுயியின் ‘கிரேயான் ஷின்சான்’, கிதோ அமகாகுரேயின் ‘ஸ்வீட்னஸ் அண்ட் லைட்னிங்’, சத்சுகி யோஷினோவின் ‘பராகமோன்’, மோமோகோ சகுராவின் ‘சிபி மாருகோசான்’. இவற்றைப் பிரித்துப் பார்க்க நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். குழந்தையை எழுத்தாளர் எங்கே நின்று பார்க்கிறார்? குழந்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்க்கிறாரா, குழந்தையைக் கொண்டு பெரியவர்களைக் கிண்டல் செய்கிறாரா, அல்லது தன் மனப்புண்ணை ஆற்றிக்கொள்ள வந்த ஒரு பெரியவரின் பக்கம் நின்று குழந்தையைப் பார்க்கிறாரா? ஓவிய நடை, தொகுதிகளின் எண்ணிக்கை, விலை முதலியவை முக்கியம்தான் என்றாலும், படிக்கும்போது கிடைக்கும் சுவை இந்த ஒரு கேள்வியின் விடையிலிருந்துதான் வருகிறது.

முதலில் யோட்சுபா. இத்தொடர் 2003-ஆம் ஆண்டு ‘டெங்கேகி தையோ’ என்னும் மாத இதழில் தொடங்கியது. அதற்கு முன்பு அசுமா, பள்ளி மாணவியரைப் பற்றிய ‘அசுமாங்கா தையோ’ என்ற நான்கு கட்ட நகைச்சுவைத் தொடரால் பெயர் பெற்றிருந்தார். நான்கே கட்டங்களில் சிரிக்க வைக்கத் தெரிந்தவர், அந்தச் சிக்கனத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு குழந்தை ஊஞ்சலைக் கண்டுபிடிப்பதற்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தார். பச்சை முடியை நான்கு குடுமிகளாகக் கட்டிய ஐந்து வயது யோட்சுபா, மொழிபெயர்ப்பாளரான தன் தந்தை கோய்வாயுடன் புது வீட்டுக்குக் குடிவருகிறாள். பக்கத்து வீட்டில் அயாசே குடும்பம். அசாகி, ஃபூகா, எனா என்று மூன்று பெண் பிள்ளைகள். அவர்களோடு தந்தையின் நெட்டை நண்பர் ஜம்போவும் சேர்ந்துகொண்டால் பாத்திரங்களின் பட்டியல் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது.

கோடை விடுமுறையில் தொடங்கும் கதை நாள் நாளாகத்தான் நகர்கிறது. 15-ஆம் தொகுதி வெளிவந்தது 2021-இல்; அதாவது வெளியே பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் ஓடியும் கதைக்குள் ஒரு வருடம்கூட நிறைவடையவில்லை. அந்தத் தொகுதியில்தான் அவளுக்குப் பள்ளிப் பை வாங்கும் பேச்சு வருகிறது. ஓர் அத்தியாயம் முழுவதும் சிள்வண்டு பிடிப்பதிலோ கடைக்குப் போய்வருவதிலோ கழிந்தாலும் நாம் பொறுமை இழப்பதில்லை. குழந்தையின் மதியப் பொழுது நிஜத்தில் எவ்வளவு நீளமாக இருக்குமோ, அதே நீளத்தைக் கட்டங்களும் எடுத்துக்கொள்கின்றன. பேச்சே இல்லாத கட்டங்கள் ஏராளம். யோட்சுபா எதையோ உற்றுப் பார்க்கிறாள், அடுத்த கட்டத்திலும் அதையே பார்க்கிறாள், மூன்றாவதில் முகம் மாறுகிறது. அந்த மாற்றத்தைப் பிடிப்பதற்காகவே முன்னிரண்டு கட்டங்களும் வரையப்பட்டிருக்கின்றன.

ஓவியத்தில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. யோட்சுபாவின் முகம் சில கோடுகளில் அடங்கிவிடுகிறது. ஆனால் அவளைச் சுற்றியுள்ள மின்கம்பிகள், வீட்டு மாடிகள், கடை அலமாரிகள், சைக்கிளின் சக்கரக் கம்பிகள் எல்லாம் புகைப்படத்துக்கு நிகரான நுணுக்கத்தோடு வரையப்பட்டவை. உலகம் முழு எடையோடு நிற்க, அதன் நடுவில் எடையே இல்லாத ஒரு குழந்தை ஓடித் திரிகிறது. இந்த முரண் தற்செயலாக அமைந்ததாகத் தெரியவில்லை. பெரியவர்களாகிய நமக்குப் பழகிப்போன மின்கம்பத்தை இவ்வளவு அக்கறையாக வரைந்து காட்டினால்தான், அதை முதன்முதலாகப் பார்க்கும் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்பது நமக்கு உறைக்கிறது.

இந்தத் தொடரின் தன்மையை ஒரே காட்சியில் காட்ட வேண்டுமானால், ஐந்தாவது தொகுதியில் வரும் அட்டைப்பெட்டி ரோபோவைத்தான் சொல்வேன். எனாவின் தோழி மியூரா, விடுமுறைக் கைவேலையாக அட்டைப்பெட்டிகளால் ஒரு ரோபோ உடை செய்து, அதற்குள் தானே நுழைந்து நிற்கிறாள். அந்த நேரம் பார்த்து யோட்சுபா வந்துவிடுகிறாள். அவளுக்கு அது நிஜ ரோபோ. உள்ளே ஆள் இருப்பதைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அவள் கண்ணில் தெரியும் பரவசத்தைப் பார்த்த பிறகு எனாவுக்கு மனம் வரவில்லை. ரோபோ எதில் ஓடுகிறது என்ற பேச்சு வரும்போது, காசு போட்டால் ஓடும் என்று சொல்லி வைக்கிறார்கள். உள்ளே மியூரா கோடை வெக்கையில் வெந்துகொண்டிருக்கிறாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற இரண்டு பத்து வயதுப் பிள்ளைகள் படும் பாடுதான் அந்த அத்தியாயம் முழுவதும். யாரும் யோட்சுபாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவளை ஏமாற்றுவது அவர்களுக்கு விளையாட்டாக இல்லை, பொறுப்பாக ஆகிவிடுகிறது. டான்போ என்ற அந்த ரோபோ பின்னாளில் பொம்மையாக விற்கப்பட்டு, மாங்காவின் பெயர்கூடத் தெரியாதவர்களின் மேசைகளிலும் நிற்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், பெரிய பிள்ளைகள் சும்மா வேடிக்கைக்காக அவளைக் குழப்பிவிடும் இடங்களும் உண்டு. ஏசி பூமியைச் சூடாக்குகிறது என்று கேள்விப்பட்டு அதைப் பூமியின் எதிரியாக அறிவித்துவிடும் யோட்சுபாவிடம், ஏசி குளிரத்தானே வைக்கிறது, அது பூமியைக் காப்பாற்றுகிறது என்று அசாகி தலைகீழாகச் சொல்லி அனுப்புகிறாள். அந்தக் கணமே அவள் அதையும் முழுமனதோடு நம்பிவிடுகிறாள். ஐந்து வயதில் அறிவு எப்படிச் சேர்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய வேறு மாங்கா எனக்குத் தெரியாது.

கோய்வாய் எப்படிப்பட்ட தந்தை என்பது இந்தத் தேர்வில் முக்கியமான விஷயம். யோட்சுபா அவர் பெற்ற பிள்ளை அல்ல. வெளிநாட்டில் எங்கோ கிடைத்த குழந்தையை வளர்க்கும்படி ஆயிற்று என்பதற்குமேல் அவரும் விளக்குவதில்லை, கதையும் துருவுவதில்லை. வீட்டில் அரைக்கால் உடையோடு திரியும் மனிதர். வேலையை ஒழுங்காகக் குறித்த நேரத்தில் முடிப்பவர் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் அவர் கண்டிக்கும் இடங்கள் தொடரின் மிகச் சிறந்த பகுதிகளில் சேர்கின்றன. ஃபூகாவின் பள்ளிக்குத் தனியாகவே சைக்கிள் மிதித்துப் போய் அவளுக்குப் பால் கொடுத்துவிட்டுப் பெருமையோடு திரும்பும் மகளை, சொல்லாமல் தூரம் போனதற்காக அவர் கண்டிக்காமல் விடுவதில்லை. பத்தாவது தொகுதியில், உடைந்த பாத்திரத்தைப் பற்றி யோட்சுபா பொய் சொல்கிறாள் என்று தெரிந்ததும், கோயில் வாசலில் முறைத்து நிற்கும் காவல் தெய்வச் சிலைகளிடமே அவளை அழைத்துப் போகிறார். அழுகையும் அலறலுமாக முடியும் அந்த அத்தியாயத்தில் உபதேசம் என்று ஒரு வரிகூட இல்லை.

குறைகளும் இல்லாமல் இல்லை. யோட்சுபாவின் உலகத்தில் கடன் கிடையாது, சண்டைபோடும் கணவன் மனைவி கிடையாது, குழந்தையை உதாசீனப்படுத்தும் பெரியவர் ஒருவர்கூடக் கிடையாது. இது அளவுக்கு மீறிய இனிப்பு என்று சொல்பவர்களிடம் நான் வாதாட மாட்டேன். முதல் தொகுதியின் இறுதியில், கொட்டும் மழையில் குதித்தாடும் மகளைப் பார்த்து, எதையும் சந்தோஷமாக்கிக்கொள்ளும் இவளை யாராலும் வெல்ல முடியாது என்னும் பொருளில் தந்தை பேசுவார். அந்த வசனம் உங்களுக்கு எரிச்சலூட்டினால் தொடர்ந்து படிக்க வேண்டாம். அதற்கடுத்த தொகுதிகள் எல்லாமே அந்த ஒரு கூற்றை நம்பி எழுதப்பட்டவை. 2006-இல் ஜப்பான் ஊடகக் கலை விழாவின் சிறப்புப் பரிசும், 2016-இல் தெசுகா ஒசாமு பண்பாட்டு விருதின் முதன்மைப் பரிசும் இதற்குக் கிடைத்திருக்கின்றன என்றாலும், விருதைப் பார்த்து வாங்க வேண்டிய புத்தகம் அல்ல இது.

ஷின்சானை நம் ஊரில் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தொலைக்காட்சியில் டப்பிங் குரலில் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவனுக்கும் ஐந்து வயதுதான்; அவனும் ஒரு சாதாரணப் புறநகரில், சைதாமா மாவட்டத்தின் கசுகாபேயில் வசிப்பவன்தான். ஆனால் யோட்சுபாவுக்கும் அவனுக்கும் வயது ஒன்றைத் தவிர வேறெந்தப் பொருத்தமும் கிடையாது. 1990-இல் இந்த மாங்கா தொடங்கியது ‘வீக்லி மாங்கா ஆக்ஷன்’ என்னும் இதழில்; அது வயது வந்த ஆண்களுக்கான வார இதழ். கார்ட்டூன் வந்தது அதன் பிறகு, 1992-இல். எனவே கார்ட்டூனை நினைத்துக்கொண்டு மூல மாங்காவைக் குழந்தைக்கு வாங்கிக் கொடுப்பவர் சங்கடப்பட நேரலாம். கார்ட்டூனுக்கே இந்தியாவில் 2008-இல் ஒளிபரப்புத் தடை வந்து, பிறகு வெட்டுகளோடு திரும்பியது என்பதை நினைத்துப் பார்த்தால், வெட்டுகள் இல்லாத மாங்கா எப்படி இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உசுயிக்குக் குழந்தையின் கண்ணில் அக்கறை கிடையாது; அவருக்கு வேண்டியது, வெட்கம் என்ற ஒன்று இன்னும் முளைக்காத ஒரு வாய். ஷின்சான், அதாவது ஷின்னோசுகே, சொல்வது பெரும்பாலும் எங்கோ கேட்ட பெரியவர்களின் பேச்சு. அதை அவன் தவறான இடத்தில், சரியான ஆள் முன்னால் எடுத்துவிடுகிறான். அம்மா மிசாயே தள்ளுபடி விற்பனைக்கு அலைவதும், உடல் எடையைப் பற்றிக் கவலைப்படுவதும், அப்பா ஹிரோஷி வீட்டுக் கடனைச் சுமந்துகொண்டு ரயிலில் அலுவலகம் போய்வருவதும், பக்கத்து வீட்டாரிடம் கௌரவம் காப்பதுமாகத் தொண்ணூறுகளின் ஜப்பானிய நடுத்தரக் குடும்பம் அப்படியே இதில் கிடக்கிறது. அந்தக் குடும்பத்தின் ரகசியங்கள் அனைத்தையும் தெருவில் போட்டு உடைப்பவன் மகன். சிரிப்பு வயிற்றைப் பிடித்துக்கொள்ள வைக்கும். ஆனால் ஒரு தொகுதிக்கு மேல் ஒரே மூச்சில் படித்தால் திகட்டும், ஏனெனில் துணுக்குகளின் அமைப்பு திரும்பத் திரும்ப ஒன்றேதான். 2009-இல் மலையேற்றத்தின்போது உசுயி இறந்துபோனார். அவர் பெயரில் ஐம்பது தொகுதிகள் உள்ளன. அதற்குப் பிறகு அவருடைய உதவியாளர்கள் குழுவாகத் தொடர்ந்து வரைகிறார்கள். ஐம்பதையும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது இதன் ஒரு வசதி. எந்தத் தொகுதியை எடுத்தாலும் அங்கிருந்தே தொடங்கலாம்.

இவ்விரண்டில் எது என்று மட்டும் கேட்டால், நீங்கள் எதைப் பார்த்துச் சிரிப்பீர்கள் என்பதைப் பொறுத்தது என்பேன். கல்யாண வீட்டில் ஒரு குழந்தை, மாமாவின் சம்பளத்தைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டதை மாமாவிடமே கேட்டுவிடும் தருணம் உங்களுக்குச் சிரிப்பைத் தருமானால் ஷின்சான். அதே குழந்தை பந்தியில் அப்பளத்தை உடைக்காமல் முழுசாக வாய்க்குள் நுழைக்கப் பார்த்துத் தோற்று, மறுபடியும் முயல்வதை நீங்கள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவர் என்றால் யோட்சுபா.

‘ஸ்வீட்னஸ் அண்ட் லைட்னிங்’ வேறு திசையில் போகிறது. 2013 முதல் 2019 வரை வெளிவந்து பன்னிரண்டு தொகுதிகளில் முடிந்துவிட்ட தொடர் இது. மனைவியை இழந்து சில மாதங்களே ஆன கணித ஆசிரியர் இனுசுகா கோஹெய்க்குச் சமைக்கத் தெரியாது. மழலையர் பள்ளிக்குப் போகும் மகள் சுமுகிக்குக் கடைச் சாப்பாட்டையே வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு மாலை அவர் வீட்டுக்கு வரும்போது, மகள் தொலைக்காட்சித் திரையோடு ஒட்டிக்கொண்டு உணவு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதைச் செய்துதரச் சொல்லி அம்மாவிடம் கேட்கலாமா என்கிறாள். அவர் அவளைத் தூக்கிக்கொண்டு, தன் மாணவி கொதோரியின் அம்மா நடத்தும் உணவகத்துக்கு ஓடுகிறார். அம்மா அங்கே இல்லை. கொதோரிக்கோ கத்தியைத் தொடவே பயம். அந்த இரவில் அவளால் செய்ய முடிந்தது மண்பானையில் வெறும் வெள்ளைச் சோறு மட்டுமே. சோறு வேகும்வரை அந்தப் பானையின் முன்னால் சுமுகி காத்திருக்கும் பக்கங்களைப் படித்துவிட்டு, அன்றிரவு அடுப்படிக்குப் போகாதவர் யாரும் இருக்க முடியாது.

அதன் பிறகு ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு சமையல். செய்முறையும் கூடவே வருகிறது. மீனும் இறைச்சியும் தாராளமாகப் புழங்கும் என்பதால், சைவ வாசகர் செய்முறைகளைத் தாண்டிக் கதைக்காகத்தான் படிக்க வேண்டியிருக்கும். இதில் குழந்தையைப் பார்க்கும் கண் தந்தையுடையது. சுமுகி குடைமிளகாயை வேண்டாம் என்று ஒதுக்குவதும், மழலையர் பள்ளியில் மனத்தாங்கலாகி வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பதும் யோட்சுபாவின் குறும்புகளுக்கு எந்த விதத்திலும் குறைந்தவையல்ல. ஆனால் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், இவளுக்கு நான் போதுமா என்ற ஒருவரின் கவலையையும் சேர்த்தே பார்க்கிறோம். அதனால் இதில் சிரிப்பு குறைவு, தொண்டை அடைப்பது அதிகம். மேலும், இங்கே காலம் ஓடுகிறது: சுமுகி வளர்ந்து தொடக்கப் பள்ளிக்குப் போகிறாள், அவளுடைய கேள்விகளும் வளர்கின்றன. ஆசிரியர் மீது கொதோரிக்கு இருக்கும் ஈடுபாட்டில் மரியாதைக்கு மேற்பட்ட ஒரு மெல்லிய சாயல் ஆங்காங்கே தென்படுவது சிலருக்கு உறுத்தலாம். எனக்கும் அந்தப் பக்கங்கள் இல்லாமலே இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றியது. அமகாகுரே அதைப் பெரிதாக்காமல் விட்டுவிட்டார் என்பதோடு சரி.

‘பராகமோன்’ குழந்தையைப் பற்றிய கதையா என்பதே முதலில் விவாதத்துக்குரியது. கண்காட்சியில் தன் எழுத்தைப் பாடப்புத்தக எழுத்து என்று விமர்சித்த முதியவரை எல்லார் முன்னிலையிலும் அடித்துவிட்ட இருபத்து மூன்று வயது எழுத்தோவியர் (தூரிகையால் எழுத்துகளைக் கலையாக எழுதுபவர்) ஹண்டா, தண்டனைபோல நாகசாகி மாவட்டத்தின் கோதோ தீவுகளுக்கு அனுப்பப்படுகிறார். அவர் குடிபோகும் வீட்டை ஊர்ப் பிள்ளைகள் ஏற்கெனவே தங்கள் மறைவிடமாக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களில் முதல் வகுப்பு படிக்கும் நாரு, அவர் விரட்ட விரட்டத் திரும்பி வருபவள். முதல் நாளே அவள் அவரை இழுத்துக்கொண்டு போய், ஒரு சுவரின்மேல் ஏறச் சொல்கிறாள். ஏறினால்தான் அந்தப் பக்கம் இருப்பது தெரியும் என்று அவள் பிடிவாதம் பிடிக்க, சலித்துக்கொண்டே ஏறியவருக்குக் கடலில் சூரியன் இறங்குவது தெரிகிறது. அன்றிரவு அவர் எழுதும் எழுத்தில் பாடப்புத்தகம் இல்லை.

சுருக்கிச் சொன்னால் பழகிய கதைபோலத் தெரியும்: நகரத்து இளைஞன், கிராமம், குழந்தை, மனமாற்றம். இதைக் காப்பாற்றுவது ஊர்தான். யோஷினோ அதே கோதோ தீவுகளைச் சேர்ந்தவர் என்பதால், வீடு கட்டும்போது மேலிருந்து வீசும் மோச்சி என்னும் அரிசிமாவு உருண்டைகளைப் பொறுக்கும் போட்டியும், அதில் எப்போதும் ஜெயிக்கும் யாசுபா பாட்டி, எடுக்க முடியாதபோது எதிராளிக்கு வழிவிட்டுப் பார் என்று ஹண்டாவுக்குச் சொல்லிக் கொடுப்பதும், சுற்றுலாக்காரரின் வியப்போடு எழுதப்பட்டவையாக இல்லை. நாருவும் கதைநாயகனைத் தேற்றுவதற்காகப் படைக்கப்பட்ட தேவதையாக நின்றுவிடுவதில்லை. அவளுக்கு மூக்கு ஒழுகும், பொறாமை வரும். தாத்தாவோடு வளரும் அவளுக்குப் பெற்றோர் அருகில் இல்லாத குறையும் சத்தமில்லாமல் இருக்கிறது. நடுப்பகுதியில் ஹண்டாவின் குடும்பமும் தொழிலும் மேலெழும்போது குழந்தைகள் பின்னுக்குப் போய்விடுகிறார்கள். குழந்தைக்காக வாங்கியவர் அங்கே சோர்ந்துபோகலாம். தீவின் வட்டாரப் பேச்சு மூலத்தில் தரும் சுவை ஆங்கிலத்தில் பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது என்பதும் உண்மை. வட்டார வழக்கு எழுத்துக்குப் பழகிய தமிழ் வாசகர்கள் அதற்காக ஏங்குவார்கள்.

மாருகோவைப் பற்றிச் சுருக்கமாக. 1986-இல் ‘ரிபோன்’ என்னும் சிறுமியர் இதழில் தொடங்கியது. ஷிசுஓகா மாவட்டத்துச் ஷிமிசு ஊரில், எழுபதுகளின் நடுவில் மூன்றாம் வகுப்பு படித்த தன்னையே சகுரா கதாபாத்திரமாக்கியிருக்கிறார். பள்ளி விடுமுறை விடும் நாளில், நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டு போயிருக்க வேண்டிய பொருள்கள் அனைத்தையும் ஒரே நாளில் தூக்க முடியாமல் தூக்கி வரும் அந்தச் சோம்பேறிப் பெண்ணிடம் வியப்புக்குரிய எதுவும் இல்லை. அதுதான் அவளுடைய பலம். நடுநடுவே வளர்ந்துவிட்ட எழுத்தாளரின் குரல் உள்ளே புகுந்து சிறுமியைக் கேலி செய்துவிட்டுப் போகும். செல்லம் கொடுக்கும் தாத்தா தோமோசோ கற்பனை என்றும், தன் நிஜத் தாத்தா அப்படிப்பட்டவர் அல்ல என்றும் சகுரா பின்னாளில் எழுதியிருக்கிறார்; அதைத் தெரிந்துகொண்டு படித்தால் தாத்தா வரும் பக்கங்கள் வேறு மாதிரி தெரிகின்றன. ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலோர் மாருகோவை அனிமே எனப்படும் ஜப்பானியக் கார்ட்டூன் வழியாகவே அறிவார்கள். அக்காலத்துப் பாடகர்கள், தொலைக்காட்சி நிகழ்ச்சிகள், தின்பண்டங்கள் என்று ஜப்பானியருக்கு மட்டும் உடனே மணக்கும் குறிப்புகள் நிறைய இருப்பதால், இந்த வகையில் முதல் புத்தகமாக இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வந்தால் போதும்.

இனி நடைமுறைக் கணக்கு. இறக்குமதியாகும் மாங்காத் தொகுதிகள் நம் பணத்தில் மலிவானவை அல்ல. ஒரு தொடரைத் தொடங்குவது ஒரு செலவை ஏற்றுக்கொள்வதுதான். முடிந்த கதை வேண்டும், எத்தனை தொகுதி என்று முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பவருக்கு பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட ‘ஸ்வீட்னஸ் அண்ட் லைட்னிங்’ மிகவும் வசதி. பராகமோனின் முதன்மைக் கதையும் பதினெட்டுத் தொகுதிகளில் 2018-இல் முடிந்துவிட்டது. யோட்சுபாவை எடுப்பவர் காத்திருக்கப் பழகிக்கொள்ள வேண்டும்: 13-ஆம் தொகுதி 2015-இல், 14-ஆவது 2018-இல், 15-ஆவது 2021-இல் என்றுதான் அது நடந்திருக்கிறது. ஆனால் இந்தத் தொடரில் அடுத்து என்ன நடக்கும் என்ற பதற்றம் இல்லாததால், அந்த இடைவெளி மற்றத் தொடர்களில் வதைப்பதுபோல் வதைப்பதில்லை. கையில் உள்ள தொகுதிகளையே திரும்பப் படிக்கலாம். முதல் வாசிப்பில் பார்க்காத ஏதோ ஒன்று பின்னணியில் நடந்துகொண்டிருக்கும்.

புத்தகம் வாங்காமல் அனிமே பார்த்துவிடலாமே என்றால், மற்ற நான்குக்கும் அந்த வழி உண்டு. பராகமோன் 2014-இலும் ‘ஸ்வீட்னஸ் அண்ட் லைட்னிங்’ 2016-இலும் அனிமே ஆயின. இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. யோட்சுபாவுக்கு மட்டும் தொலைக்காட்சித் தொடர் கிடையாது. இந்தக் கதை அனிமேக்குப் பொருந்தாது என்பது அசுமாவின் கருத்து. எனக்கும் அவர் சொல்வது சரியாகத்தான் படுகிறது. பேச்சில்லாத அந்தக் கட்டங்களில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை வாசகர்தான் முடிவு செய்ய வேண்டும், திரையில் அந்த உரிமை வாசகரிடமிருந்து போய்விடும்.

ஜப்பானிய மொழி கற்பவர்களுக்கு ஒரு கூடுதல் காரணம் இருக்கிறது. யோட்சுபாவின் மூலப் பதிப்பில் கான்ஜி என்னும் சீன வழி எழுத்துகளுக்குப் பக்கத்தில் உச்சரிப்பு சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பேச்சோ ஐந்து வயதுக் குழந்தையும் அதனிடம் பேசும் பெரியவர்களும் பேசுவது. அதனால் முதல் மாங்காவாக இதைத்தான் ஆசிரியர்களும் முன்னே படித்தவர்களும் கைகாட்டுகிறார்கள். மழலையைப் புரிந்துகொள்வது அகராதியில் அகப்படாத தனி வேலை என்பதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

வீட்டில் ஏழெட்டு வயதுப் பிள்ளையோடு சேர்ந்து படிக்க வேண்டும் என்பவருக்கு என் பரிந்துரை யோட்சுபாதான், ஒரு எச்சரிக்கையோடு. ஐந்து வயதுக் குழந்தை தனியாகத் தெருவில் திரிவதும், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாமலே நுழைவதும் அங்கே சாதாரணம். ஏன் நான் மட்டும் போகக் கூடாது என்ற கேள்வி அன்று மாலையே வரும். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் பழகிக்கொள்வார்கள். ஷின்சான் மாங்காவைப் பொறுத்தவரை, முதலில் நீங்கள் முழுதாகப் படித்துவிட்டுப் பிறகு கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

தனியாகப் படிப்பவர்களில், அண்மையில் வீட்டில் ஒருவரை இழந்தவர் ‘ஸ்வீட்னஸ் அண்ட் லைட்னிங்’கைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடுவது நல்லது, சிலருக்கு அது ஆறுதலாகலாம், ஆனால் எவருக்கு ஆகும் என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. வேலையில் தோற்று, சொந்த ஊருக்கோ தெரியாத ஊருக்கோ போய்க் கொஞ்ச நாள் உட்கார்ந்திருப்பவருக்கு பராகமோன். நீண்ட நாள் அலுப்பில் இருப்பவர், ரயிலில் பத்துப் பத்து நிமிடமாகப் படிக்க மட்டுமே நேரம் உள்ளவர் ஷின்சானின் ஏதாவது ஒரு தொகுதியை எடுக்கலாம். மற்ற எல்லாருக்கும் யோட்சுபாவின் முதல் இரண்டு தொகுதிகளைச் சேர்த்து வாங்குவது என் யோசனை. முதலாவதில் ஓவியம் இன்னும் பழைய நான்கு கட்டக் கைவண்ணத்தின் சாயலில்தான் இருக்கிறது. அசுமா மெதுவாகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு இந்தத் தொடருக்கான நடையைக் கண்டுபிடிப்பது இரண்டாவதைப் புரட்டும்போதுதான் தெரியும், அதற்குள் ஒதுக்கி வைத்துவிடக் கூடாது.